பந்தை அவன்ட கையில குடுக்கிறதா, ரிங்குக்குக் கீழ நிப்பாட்டுறதா?

ரெண்டு மாசமா எங்கட மட்டக்களப்பில பாஸ்கட்போல் பாக்கிற ஆக்கள் நாலு பேர் கூடினா ஒரே கதைதான், அந்த நெட்டப் பெடியன்ட கதை. வயசு 16, உயரம் 6 அடி 1 இஞ்சி, இன்னும் வளருறான், தகப்பன் அவன விடவும் உயரம். பேரைப் போட மாட்டன், ஓ/எல் எழுதப் போற புள்ள, அவன்ட பேர் இப்பவே ஊர் வாயில அரைபடத் தேவையில்ல. ஒரு கூட்டம் சொல்லுது அவன் பிறவிப் பொயின்ட் கார்ட் (பந்தக் கொண்டு போய் ஆட்டத்த நடத்துறவன்), பந்தை அவனிட்டக் குடுங்க எண்டு. மற்றக் கூட்டம் சொல்லுது இந்த உயரத்த வச்சுக்கொண்டு வெளியில நிண்டு டிரிபிள் (பந்தத் தரையில தட்டிக்கொண்டு போறது) பண்ணுறது அநியாயம், ரிங்குக்குக் கீழ விடுங்க, ரீபவுண்ட் (விழாமத் திரும்பி வாற பந்து) எல்லாம் எங்கடதான் எண்டு. போன ஞாயித்துக்கிழம கல்லடிப் பாலத்தடியில தேத்தண்ணி குடிக்கக்குள்ள தகப்பனே என்னட்டக் கேட்டாரு, "அண்ணன், நீங்க விளையாடின ஆள், உண்மையச் சொல்லுங்க, இவன் ஸ்டார் ஆவானா, ஆகிறதெண்டா எந்த இடத்தில நிக்கோணும்?" அந்த இடத்தில டக்கெண்டு பதில் சொல்ல எனக்கு மனசு வரல்ல. வீட்ட வந்து ரெண்டு நாள் யோசிச்சுப் போட்டுத்தான் எழுதுறன். கல்முன, அக்கரைப்பத்துப் பக்கமும் இதே மாதிரி நெட்டப் புள்ளய வச்சுக்கொண்டு முழிக்கிற தாய் தகப்பன்மார், கோச்மார் இருக்கிறாங்க, அவங்களுக்கும் உதவும்.

இதை நான் சின்ன விஷயமா எடுக்கல்ல. எங்கட ஊரில இந்த விளையாட்ட வளத்தெடுத்தது அமெரிக்காவில இருந்து வந்த இயேசு சபைப் பாதர்மார். வெபர் பாதர்ட பேரில மைதானமே நிக்குது. லூசியானாவில இருந்து வந்த யூஜின் ஹேபர்ட் பாதர் புனித மிக்கேல் கல்லூரிப் பெடியன்களுக்குப் பழக்கினவர், 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையில இருந்து திரும்பி வரக்குள்ள காணாமப் போனவர். இப்பிடிப்பட்ட ஆக்கள் வேர்வை சிந்தின ஊரில, நல்ல கண்ணுள்ள ஒரு பெடியன பிழையான இடத்தில நிப்பாட்டி வீணாக்கக் கூடாது, அதுதான் என்ட கவலை.

பிளேமேக்கிங் எண்டா டிரிபிள் இல்ல

கனபேர் நினைக்கிறாங்க காலுக்கால பந்த எடுத்து ஆள விழுத்தினா அவன் பிளேமேக்கர் எண்டு. இந்த விளையாட்டக் கண்டுபுடிச்ச நெய்ஸ்மித் 1891ல எழுதின 13 விதியில டிரிபிள் எண்ட சாமானே இல்ல, பந்தைப் புடிச்ச இடத்தில இருந்து எறிய வேண்டியதுதான், பந்தோட ஓடக் கூடாது. விளையாட்டு பொறந்ததே பாஸில. மற்ற நாலு பேருக்கும் லேசான ஷொட் கிடைக்கிற மாதிரி ஒருத்தன் செய்யிறானா, அதுதான் பிளேமேக்கிங்.

நான் கண்டதச் சொல்லுறன். போன மாசம் ஒரு பிரக்டிஸ் மெட்ச், பெடியன் போஸ்டில, அதான் ரிங்குக்குக் கிட்ட, ரிங்குக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிக்கிறான், கார்ட் இன்னும் பந்த அவனுக்கு எறியல்ல, அதுக்கு முதலே இவன் தோளுக்கு மேலால வலது மூலைய ஒருக்காப் பாத்தான், மறுகா இடது மூலைய. பந்து கைக்கு வந்த உடன ரெண்டு பேர் அவனில விழுந்தாங்க, இவன் பந்தைக் கீழ இறக்கவே இல்ல, தலைக்கு மேலால வலது மூலைக்கு எறிஞ்சான். அங்க நிண்ட பெடியன் கைய இடுப்பில வச்சுக்கொண்டு நிண்டவன், பந்து நெஞ்சில பட்டு வெளிய போயிட்டு. "பாஸ் பாத்துப் போடு!" எண்டு எல்லாரும் எறிஞ்சவனத்தான் கத்தினாங்க. ஸ்கோர் சீட்டிலயும் அவன்ட பேரிலதான் டர்ன்ஓவர் (பந்தப் பறிகுடுத்த கணக்கு). எனக்கு நெஞ்சு பத்திட்டு. பிழை பாஸில இல்ல, பாஸ் வரும் எண்டு மற்றவன் நம்பாததிலதான் பிழை. அவனுக்கு முதுகுக்குப் பின்னால கண் இருக்கு எண்டு நான் சொல்லுறது இதைத்தான். பந்து வாறத்துக்கு முதல் பாக்கிற பழக்கம் 16 வயசில தானா வந்திருக்கு, இது சொல்லிக் குடுத்து லேசில வராது.

ஸ்டார் ஆவானா எண்டதுக்கு என்ட பதில் இப்போதைக்கு இவ்வளவுதான்: கண் இருக்கு, மிச்சம் பழகோணும்.

எதை வச்சுத் தெரிவு செய்யிறது

சும்மா வாய்க்கு வந்தபடி சண்டை புடிக்காம அஞ்சு விஷயத்தப் பாருங்க. ஒண்டு, பந்து கைக்கு வந்து எவ்வளவு கெதியா முடிவெடுக்கிறான். ரெண்டு, ஆள் நெருக்கக்குள்ள பந்தைக் காப்பாத்துறானா, ஏனெண்டா 8 செக்கனுக்குள்ள அரைக் கோர்ட்டத் தாண்டோணும், எதிர் டீம் முழுக் கோர்ட் பிரஸ் போட்டு கோர்ட் முழுக்க நெருக்கினா அந்த 8 செக்கன் பெரிய தூரம். மூண்டு, அவன்ட ஷொட்டுக்கு எதிராளி பயப்புடுறானா. நாலு, இன்னும் எவ்வளவு வளருவான். அஞ்சு, டீமில வேற ஆர் இருக்கிறாங்க.

இதில மூண்டாவதத்தான் எங்கட ஆக்கள் மறக்கிறாங்க. ஷொட் இல்லாதவன்ட பாஸுக்கு விலை பாதி, எதிராளி கிட்ட வராமப் பின்னால நிண்டு பாஸ் போற வழிய மறிச்சிருவான். அமெரிக்காவிட என்பிஏ லீக்கில பென் சிமன்ஸ நினைச்சுப் பாருங்க. 2016ல முதலாவது ஆளா டிராஃப்ட்டில (டீம்கள் புது ஆக்களத் தெரிவு செய்யிறது) எடுத்தாங்க, 6 அடி 10 இஞ்சியில பொயின்ட் கார்ட், பாஸ் கண்ணெண்டா அப்பிடி ஒரு கண், மூண்டு தரம் ஓல் ஸ்டார். 2021 பிளேஓஃபில (சீசன் முடிவில நடக்கிற சுற்று) ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ 100க்கு 34 தான் விழுந்திச்சு, அட்லாண்டாவோட ஏழாவது மெட்சில ரிங்குக்குக் கீழ லேசாப் போட வேண்டிய பந்த மற்றவனுக்குப் பாஸ் பண்ணிப்போட்டு நிண்டார், அதோட ஃபிலடெல்ஃபியாவில அவர்ட காலம் முடிஞ்சிது. ஹூஸ்டன் டீமில கார்ட் ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு 2025 செப்டம்பரில முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிஞ்ச பிறகு அமன் தொம்சனிட்ட பந்தைக் குடுக்கிறதா எண்டு எங்கட பெடியன்களும் ஃபோனத் தட்டித் தட்டிச் சண்டை புடிச்சாங்க. தொம்சன் 2023ல நாலாவதா எடுத்த ஆள், 2025ல டிஃபென்ஸ் முதல் டீமில வந்த ஆள், பறக்கிறான், ஆனா தூரத்து ஷொட் அப்ப இன்னும் வரல்ல. அங்கயும் கேள்வி அதேதான்.

தெரிவு 1: முழுசா பொயின்ட் கார்ட் ஆக்கிறது

நல்லது என்னெண்டா பந்து அவனிட்ட இருந்தாத்தான் அவன் படிப்பான். ஒரு மெட்சில நூறு முடிவு எடுக்கிறவனும் இருவது முடிவு எடுக்கிறவனும் ஒரே வேகத்தில வளர மாட்டாங்க. உயரமான கார்டுக்கு இன்னொரு லாபம், மற்றவன்ட தலைக்கு மேலால கோர்ட் முழுக்கத் தெரியும். ஜேம்ஸ் ஹார்டனப் பாருங்க, 2012ல ஒக்லஹோமாவில பெஞ்சில இருந்து வந்த ஆள், பெஞ்சில இருந்து வாற திறமான ஆளுக்குக் குடுக்கிற சிக்ஸ்த் மேன் விருது எடுத்தார், 2016-17ல ஹூஸ்டனில முழுசாப் பொயின்ட் ஆக்கினாங்க, அந்த வருஷம் லீக்கிலயே கூட அசிஸ்ட் (மற்றவன் கூடை போட வச்ச பாஸ்), மெட்சுக்கு 11.2. ஆனா அதே வருஷம் 464 டர்ன்ஓவர், ஒரு சீசனில அவ்வளவு ஒருத்தரும் அதுக்கு முதல் விட்டதில்ல. ரெண்டையும் சேத்துத்தான் வாங்கோணும், அசிஸ்ட மட்டும் தனியா எடுத்துத் தர மாட்டாங்க.

கண்ணுக்குத் தெரியாத செலவு எங்க இருக்கெண்டா, முதலாவது பெடியன்ட மனசு. எங்கட கோர்ட் சிமெந்து, வெயிலில வேர்த்த கையில பந்து வழுக்கும், குட்டையான வேகமான பெடியன்கள் ரெண்டு பேர் இடுப்பளவில வந்து பந்தத் தட்டுவாங்க, உயரமானவன்ட டிரிபிள் தரையில இருந்து மேல வர நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள்ள பந்து போயிரும். நாலு தரம் அப்பிடிப் பறிகுடுத்தா சனம் கத்தும், அதுக்குப் பிறகு அவன் பாஸ் பண்ணவே பயப்புடுவான். நானும் அந்த வயசில ஒருக்கா இப்பிடி ஆனவன். பழக்கம் இல்லாம என்ன கார்டில விட்டு, முதல் பத்து நிமிஷத்தில மூண்டு பந்து பறிகுடுத்து, கோச் எல்லார் முன்னாலயும் வெளிய எடுத்தாரு, மறுகா ஒரு சீசன் முழுக்க பந்து கைக்கு வந்தா நெருப்பத் தொட்ட மாதிரி அடுத்தவனுக்குத் தள்ளிப்போட்டு ஓடினன். அது திரும்பி வர ஒரு வருஷம் போனது.

ரெண்டாவது செலவு, இப்ப பந்து கொண்டு போற சின்னக் கார்ட் பெடியன். அவன் நல்லாத்தான் விளையாடுறான், வெள்ளன அஞ்சரைக்கு வந்து தனிய டிரிபிள் பண்ணுறவன், அவனிட்ட இருந்து பறிச்சு இவனுக்குக் குடுத்தா அவன் எங்க போவான்? இதை ஒருத்தரும் கதைக்கிறாங்க இல்ல.

இந்தத் தெரிவு எப்பச் சரி? டீமில வேற கார்ட் இல்லாட்டி, இல்லாட்டி புள்ள 13, 14 வயசு எண்டா. அந்த வயசில தோத்தாலும் பரவாயில்ல, குடுங்க. 13 வயசில நெட்டையா இருக்கிறவன் 18 வயசிலயும் நெட்டையா இருப்பான் எண்டு ஒரு நிச்சயமும் இல்ல, சிலருக்கு வளத்தி வெள்ளனையே நிண்டிரும், அப்ப கையில டிரிபிளும் இல்லாம உயரமும் இல்லாம நிப்பான்.

தெரிவு 2: விங்கில வச்சு ரெண்டாவது பிளேமேக்கர் ஆக்கிறது

அதாவது நம்ம பெடியன் விங்கில, கோர்ட்டின்ட பக்கவாட்டில நிப்பான், பந்த அரைக் கோர்ட்டுக்குச் சின்னக் கார்ட் கொண்டு வருவான், முதல் ஸ்கிரீனும் (கூட்டாளி எதிராளிய மறிச்சு வழி விடுறது) அவன்தான் விளையாடுவான், டிஃபென்ஸ் ஒரு பக்கம் சாஞ்ச பிறகு பந்து மற்றப் பக்கம் நம்ம பெடியனிட்ட வரும். அப்ப அவனுக்கு முன்னால ஒரு ஆள்தான் ஓடி வாறான், அதுவும் கால் நிலையில்லாம வாறான். முடிவெடுக்கிறது பாதி லேசு, ஷொட், டிரைவ், பாஸ் மூண்டும் திறந்து கிடக்கும்.

இதுக்கு நான் முதல்ல சொல்லுறது ஸ்கொட்டி பிப்பன். சென்ட்ரல் ஆர்கன்சாஸ் யுனிவர்சிட்டிக்குப் போகக்குள்ள 6 அடி 1 இஞ்சிதான், எங்கட பெடியன்ட உயரம், அங்க வச்சுத்தான் 6 அடி 7 அளவுக்கு வளந்தார். கார்ட் வேலை தெரிஞ்சிருந்தபடியால உயரம் வந்த பிறகும் அந்தக் கை போகல்ல. சிகாகோவில விங்கில நிண்டுகொண்டே பந்த நடத்தினவர், ஆறு சம்பியன்சிப். மறுகா ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர். 2019ல ஒக்லஹோமாவுக்கு வந்த முதல் வருஷம் பந்து கூட நேரம் கிறிஸ் போலிட்டத்தான் இருந்திச்சு, ஷாய் பக்கத்தில நிண்டு ரெண்டாவதா விளையாடினான், பாத்தான், படிச்சான். அதுக்குப் பிறகுதான் சாவி கைக்கு வந்திச்சு, 2025ல எம்விபி (சீசனின்ட திறமான ஆளுக்குக் குடுக்கிற விருது), சம்பியன்சிப், ஃபைனல் எம்விபி மூண்டும் ஒரே வருஷம். ரெண்டாவதா நிண்டா ஸ்டார் ஆக ஏலாது எண்டு சொல்லுற ஆக்களுக்கு இதை விட நான் என்னத்தச் சொல்ல.

செலவு இல்லாம இல்ல. விங்கில நிக்கிறவனுக்கு ஷொட் கட்டாயம் வேணும், எங்கட பெடியன்ட ஷொட் இப்ப ஃப்ரீ த்ரோ கோட்டடியில நல்லம், 6.75 மீட்டர் மூண்டு பொயின்ட் கோட்டில இருந்து எறிஞ்சா பந்து ரிங்கின்ட முன்பக்கத்திலதான் படுது, காலில இருந்து பலம் வரல்ல. அதைத் திருத்த ஒரு வருஷம் பொறுமையா எறியோணும். அதை விடப் பெரிய ஆபத்து என்னெண்டா அவன மறந்திருவாங்க. ஸ்கூல் மெட்சில கார்ட் பந்தத் தானே வச்சிருந்து தானே எறிஞ்சா விங்கில நிக்கிறவன் ஒரு குவாட்டருக்கு ரெண்டு தரம் பந்தத் தொடுவான், அதுக்கு பேசாம வீட்ட இருந்து ஓ/எல்லுக்குப் படிக்கலாம். ஆனபடியால இந்தத் தெரிவு எடுக்கிற கோச் ஒரு சட்டம் போடோணும், பந்து ரெண்டாவது பக்கம் போகாம ஒருத்தரும் ஷொட் எடுக்கக் கூடாது, ஃபாஸ்ட் பிரேக் (டிஃபென்ஸ் சேர முதல் ஓடிப் போறது) மட்டும் விலக்கு எண்டு. மற்றது அவன் ரீபவுண்ட் எடுத்தா கார்டத் தேடாம அவனே பந்தக் கொண்டு ஓடட்டும், அப்ப டிஃபென்ஸ் சேரல்ல, பிரஸும் இல்ல, பந்து கொண்டு போற பழக்கம் பயமில்லாம வரும்.

தெரிவு 3: உள்ளுக்கயே வச்சு, ஆனா ரிங்குக்குக் கீழ இல்லாம ஃப்ரீ த்ரோ கோட்டடியில

இப்ப நடக்கிறது முழுசாப் போஸ்ட், முதுகக் காட்டிக்கொண்டு மூண்டு செக்கன் எண்ணிக்கொண்டு நிக்கிறது. அதை நான் தெரிவாவே எடுக்கல்ல. இந்த மெட்ச வெல்லலாம், அந்தக் கோப்பைய எடுக்கலாம், ஆனா நாட்டு டீமுக்கு எண்டு கூப்பிட்டா 6 அடி 1 இஞ்சிய ஆர் சென்டரில, ரிங்குக்குக் கீழ, விடுவாங்க? அங்க போய் "கார்ட் விளையாடத் தெரியுமா" எண்டு கேட்டா இந்தப் புள்ள என்ன சொல்லும்? இன்னும் மூண்டு நாலு இஞ்சி வளந்தாலும் அதே கதைதான். ஸ்கூல் மட்டத்து வெற்றிக்காகப் புள்ளயிட எதிர்காலத்த அடகு வைக்கிறது அது.

ஆனா ஃப்ரீ த்ரோ கோட்டடியில முகத்த ரிங்குக்குத் திருப்பி நிப்பாட்டினா கதை வேற. எல்லாரும் சொல்லுவாங்க டென்வர் டீமிட யோகிச் எண்டு. உண்மைதான், 2014ல 41ஆவதா எடுத்த ஆள், மூண்டு எம்விபி, 2024-25ல மெட்சுக்கு 10.2 அசிஸ்ட், சென்டர் ஒருத்தன் சீசன் முழுக்க டிரிபிள் டபிள் (பொயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூண்டும் பத்துக்கு மேல) சராசரி வச்சது அதுதான் முதல் தரம். அவர் நடுவில நிண்டா நாலு பக்கமும் வெட்டி ஓடுற ஆக்களுக்குப் பந்து போகும். எங்கட பெடியன்ட கண்ணுக்கு இது நல்லாப் பொருந்தும், டிரிபிள் பெரிசாத் தேவையில்ல, தலைக்கு மேலால பாஸ், அதுதான் அவன்ட பலம்.

இதின்ட செலவு டீமில இருக்கு. மற்ற நாலு பேரும் வெட்டி ஓடத் தெரிஞ்சிருக்கோணும், பந்து வரும் எண்டு நம்பிக் கைய ரெடியா வச்சிருக்கோணும். இடுப்பில கைய வச்சுக்கொண்டு நிக்கிற டீமுக்கு யோகிச்சே வந்தாலும் டர்ன்ஓவர்தான். டிஃபென்ஸில மறுபடி ரிங்குக்குக் கீழதான் நிப்பான், கூட எடையுள்ள பெடியன்களோட முட்டுப்படோணும், அஞ்சு ஃபவுலில வெளிய. வளருற வயசில முழங்காலுக்குக் கீழ நோகுது எண்டு இப்பவே ஒருக்கா ரெண்டு தரம் சொன்னவன், இந்தக் கிழமைகளில குதிச்சுக் குதிச்சு விழுறதக் கொஞ்சம் குறைக்கிறது நல்லம். நோவு நிக்காட்டி ஆஸ்பத்திரியில காட்டுங்க, எண்ணெய் போட்டுத் தேச்சா மட்டும் காணாது.

எப்பச் சரி: டீம் ரெண்டு வருஷமாச் சேந்து விளையாடுற டீம், புள்ள 6 அடி 4ஐத் தாண்டி இன்னும் வளருறான், கார்ட் வேலைக்கு ரெண்டு பேர் இருக்கிறாங்க எண்டா இதை விடத் திறமான தெரிவு இல்ல.

பெஞ்சில இருந்து கொண்டு வாறது

இதைச் சொன்னா தாய்மார் கோவிக்கிறாங்க, அதால தனியாச் சொல்லுறன். மனு ஜினோபிலி நாலு சம்பியன்சிப் எடுத்தவர், கன காலம் பெஞ்சில இருந்து வந்தவர்தான், ரெண்டாவது அணி விளையாடக்குள்ள பந்து முழுக்க அவர்ட கையில. நாணமான, மெல்ல மெல்ல நம்பிக்கை வாற புள்ளக்கு இது நல்லம். எங்கட பெடியனுக்குத் தேவையில்ல, அவன் பயந்தவன் இல்ல.

அப்ப நான் என்ன சொல்லுறன்

இந்த வருஷத்துக்கு ரெண்டாவது தெரிவு. விங்கில நிக்கட்டும், சின்னக் கார்ட் பந்தக் கொண்டு வரட்டும், பந்து ரெண்டாவது பக்கம் போகக்குள்ள இவன் முடிவெடுக்கட்டும். ஒவ்வொரு பாதியிலயும் கடைசி மூண்டு நிமிஷம் சின்னக் கார்டுக்கு ஓய்வு குடுத்து இவனே பந்தக் கொண்டு போகட்டும், பறிகுடுத்தாலும் வெளிய எடுக்கக் கூடாது. எதிர் டீம் சோன் (ஆளப் பாக்காம இடத்தப் பாத்து மறிக்கிறது) போட்டா மட்டும் ஃப்ரீ த்ரோ கோட்டடிக்கு வரட்டும், அங்க இருந்து சோனப் பிளக்கிறதுக்கு அவன்ட கண் காணும். அடுத்த வருஷம் வளத்திய அளந்து பாத்து, ஷொட் தூரத்துக்குப் போகுதா எண்டும் பாத்து, மூண்டாவதா முதலாவதா எண்டு திரும்ப யோசிக்கலாம்.

உங்கட புள்ள வேற மாதிரி எண்டா பதிலும் வேற. உயரம் இருக்கு, ஆனா பந்து வாறத்துக்கு முதல் சுத்திப் பாக்கிற பழக்கம் இல்லையெண்டா பிளேமேக்கர் ஆக்கிறன் எண்டு புள்ளயப் போட்டு வருத்தாதீங்க, ரீபவுண்டும் டிஃபென்ஸும் பெரிய வேலைதான், அதிலயும் ஆள் ஆகலாம். கண் இருக்கு, ஷொட் கொஞ்சமும் இல்லையெண்டா எந்த இடம் எண்டு சண்டை புடிக்கிறத விட்டுட்டு ஆறு மாசம் ஷொட் எறிய விடுங்க. மழை துவங்கினா கோர்ட்டில தண்ணி நிக்கும், அந்த நாளையில ஸ்கூல் விறாந்தையில இடக் கை டிரிபிள்.

தகப்பனிட்ட நேத்துப் பின்னேரம் இதைச் சொன்னன். "கோச் சேர் ஒத்துக்கொள்ளுவாரா அண்ணன்?" எண்டு கேட்டாரு. சேரிட்டயும் கதைச்சுப்போட்டன், வாற சனிக்கிழம பிரக்டிஸ் மெட்சில ரெண்டு குவாட்டர் விங்கில விடுறன் எண்டாரு. நான் அவரிட்ட இன்னொண்டும் கேட்டன், மூலையில நிக்கிற பெடியன்கள் ஒவ்வொருத்தனும் கைய நெஞ்சுக்கு நேர விரிச்சு வச்சுக்கொண்டு நிக்கோணும், இடுப்பில வச்சா உடன வெளிய எண்டு. அதுக்கும் ஓம் எண்டுட்டாரு.